வாயைக் கட்டிவிட்டு வாயில்லா ஜீவன் என்கிறோம்

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய பீங்கான் பட்டறையின் கழிவு மேடு இருக்கிறது. சூளையில் விரிசல் விட்ட கப், கோணிப்போன சாஸர், கை உடைந்த பொம்மை, தேறாமல் போன இன்சுலேட்டர், பியூஸ் கட்டை எல்லாம் வருஷக்கணக்காக அங்கேதான் கொட்டப்படுகின்றன. விருத்தாசலத்தில் வளர்ந்த யாருக்கும் இந்த மேடுகள் புதிதில்லை. சின்ன வயதில் பளபளக்கும் சில்லுகளைப் பொறுக்கி விளையாடியிருக்கிறோம், பாதத்தைக் கிழித்துக்கொண்டு வீட்டில் உதையும் வாங்கியிருக்கிறோம். மூன்று வருடங்களுக்கு முன்பு எங்கள் நாய் கருவாயன் அந்த மேட்டில் ஒரு எலியைத் துரத்தப்போய், உடைந்த தட்டின் விளிம்பில் தொடையைக் கிழித்துக்கொண்டு வந்தான். நாலு விரல் நீளம். தோல் பிளந்து உள்ளே சதை தெரிந்தது.

கொண்டுபோன இடத்தின் பெயர் வேண்டாம். அரசாங்கத்துடையதா தனியாருடையதா, எங்கள் ஊரா வெளியூரா என்பதும் வேண்டாம். எங்கே போயிருந்தாலும் கிட்டத்தட்ட இதுதான் நடந்திருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கம்பவுண்டர் ஒரு காடாத்துணி நாடாவை எடுத்து மூக்கைச் சுற்றி இரண்டு சுற்று சுற்றி, காதுக்குப் பின்னால் முடிச்சுப் போட்டார். நான் முன்னங்கால். அப்பா பின்னங்கால். ஆட்டுக்குட்டியோடு வரிசையில் நின்றிருந்த ஒருவர் தானாக முன்வந்து இடுப்பை அழுத்திக்கொண்டார். டாக்டர் ஊசியில் நூல் கோத்தார்.

“சார், மரத்துப்போற ஊசி எதுவும்...”

“ரெண்டு நிமிஷ வேலை தம்பி. நாய் தாங்கிக்கும்.”

ஒன்பது தையல். இரண்டு நிமிஷம் இல்லை, பதினான்கு நிமிஷம். எதிரே சுவரில் கடிகாரம் இருந்தது. மூன்றாவது தையலில் கருவாயன் மூத்திரம் விட்டான். ஆறாவதில் திமிறுவதை நிறுத்தினான். “பாத்தீங்களா, பழகிடுச்சு” என்றார் டாக்டர். கம்பவுண்டர் உண்மையான இரக்கத்தோடு, “பாவம், வாயில்லா ஜீவன்” என்று சொல்லிவிட்டு, தளர்ந்திருந்த முடிச்சை இறுக்கினார்.

அந்த இரண்டு செயலும் ஒரே கையில் நடந்ததைப் பார்த்தபிறகு எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. வாயில்லா ஜீவன். எவ்வளவு கருணையான சொல்! நாம் எல்லோரும் சொல்கிறோம். பூனைப் படத்துக்குக் கீழே நாலு வரி கவிதை எழுதுகிற நண்பர்கள் சொல்கிறார்கள். ஆனால் நாய்க்கு வாய் இருக்கிறது, அதில் நாற்பத்திரண்டு பல்லும் இருக்கிறது. கருவாயன் அந்த வாயால் சொல்ல வந்ததைத்தான் நாங்கள் நாலு பேர் சேர்ந்து கட்டிவைத்தோம். கட்டியபின் அது பேசவில்லை என்று பரிதாபப்பட்டோம்.

நாடா போட்டது தப்பு என்று சொல்லவில்லை. வலியில் இருக்கிற நாய் வளர்த்தவனையே கடிக்கும். ரேபிஸ் உள்ள நாட்டில் கால்நடை மருத்துவர்களும் உதவியாளர்களும் தினமும் எடுக்கிற ஆபத்து சின்னதில்லை. நாடா வேண்டும். நாடா போட்டதும் வலிக்கான ஏற்பாடு முடிந்துவிட்டது என்கிற எண்ணத்தோடுதான் என் சண்டை. அசையாமல் இருப்பதும் வலிக்காமல் இருப்பதும் ஒன்றென்று நம் மருத்துவ மேசைகள் பல காலமாக நம்பிக்கொண்டிருக்கின்றன.

நாய் விஷயத்தில் மட்டும் நடந்த தவறு இல்லை இது. மனிதக் குழந்தைக்கும் இதையே செய்தோம்.

1980-களின் நடுப்பகுதி வரைக்கும், அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பெரிய மருத்துவமனைகளில், பச்சிளம் குழந்தைகளுக்குப் பல அறுவை சிகிச்சைகள் சரியான வலி மருந்து இல்லாமலே நடந்தன. தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்து கொடுப்பார்கள். குழந்தை அசையாது. அழாது. அழ முடியாது. அதன் நரம்புகள் இன்னும் முழுசாக வளரவில்லை, அதற்கு வலி தெரியாது, தெரிந்தாலும் ஞாபகம் இருக்காது, மயக்க மருந்து கொடுத்தால் தாங்காது என்று காரணங்கள் இருந்தன. 1985-இல் அமெரிக்காவில் ஒரு குறைமாதக் குழந்தைக்கு இப்படி அறுவை நடந்து, சில வாரங்களில் குழந்தை இறந்து, பிறகுதான் தாய்க்கு விஷயம் தெரிந்தது. அவர் சும்மா இருக்கவில்லை, பத்திரிகை வரை போனார். அதே சமயத்தில் இந்தூரில் மருத்துவம் படித்துவிட்டு ஆக்ஸ்போர்டு போயிருந்த கே.ஜே.எஸ். ஆனந்த் என்ற மருத்துவர், இதய அருகாமை ரத்தக்குழாய் ஒன்றை மூடுகிற அறுவைக்கு வரும் குறைமாதக் குழந்தைகளை இரண்டு பிரிவாக வைத்துப் பார்த்தார். ஒரு பிரிவுக்கு வழக்கமானது மட்டும், இன்னொரு பிரிவுக்குக் கூடவே ஃபென்டனில் என்ற வலி மருந்து. வலி மருந்து கிடைக்காத குழந்தைகளின் ரத்தத்தில் அழுத்த ஹார்மோன்கள் எகிறின, அறுவைக்குப் பின் சிக்கல்களும் கூடுதல். 1987-இல் இது வெளியானது. அதன்பிறகுதான் மருத்துவ உலகம் மெல்ல மாறியது.

1987. எனக்கு இரண்டு மூன்று வயது மூத்த அண்ணன்மார் அக்காமார் பிறந்த காலம். ஏதோ கற்காலத்துக் கதை இல்லை.

இதை நான் இழுத்துச் சொல்வதற்குக் காரணம், குழந்தைக்குச் சொன்ன அத்தனை காரணமும் இன்று மிருக மேசையில் வரி மாறாமல் சொல்லப்படுகிறது என்பதுதான். அதுக்குத் தெரியாது. மறந்துடும். மருந்து தாங்காது. ரெண்டு நிமிஷ வேலை. பெர்னார்ட் ரோலின் என்ற அமெரிக்கத் தத்துவவாதி கால்நடை மருத்துவக் கல்லூரியிலேயே பல பத்தாண்டுகள் பாடம் நடத்தியவர். விலங்குகளின் வலியைப் பார்க்காமல் இருக்க அறிவியல் எப்படித் தன்னைப் பழக்கிக்கொண்டது என்று 1989-இல் ஒரு புத்தகமே எழுதினார். நாயோடு வளர்ந்த பையனுக்குத் தெரிந்திருந்த விஷயத்தை, படிப்பு மறக்கவைத்தது என்பது அவருடைய வாதத்தின் சாரம். வலியை விவரிக்க ஒருவரால் முடியவில்லை என்பதால் வலி இல்லை என்று ஆகிவிடாது என்பதை, வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2020-இல் திருத்திய தன் வரையறையிலேயே குறிப்பாகச் சேர்த்திருக்கிறது.

சரி, நம்மூர் காரணங்களுக்கு வருவோம். நான் கடந்த மூன்று வருடத்தில் டாக்டர்களிடமும், கால்நடை மருத்துவம் படித்த என் பள்ளி நண்பனிடமும் கேட்டுக் கேட்டுச் சேர்த்தவை.

முதல் காரணம், மருந்து கிடைக்காது. இதில் பாதி உண்மை. மார்ஃபின், ஃபென்டனில் போன்றவை 1985-ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகின்றன. சிறுநகரத்து கிளினிக் ஒன்று அதை வாங்கிக் கணக்கு வைப்பது பெரிய தலைவலி. 2013-இல் கெட்டமினை எக்ஸ் அட்டவணைக்கு மாற்றினார்கள், அதற்கும் தனி லைசென்ஸ், தனிப் பதிவேடு. 2018-இல் டிரமடாலும் கட்டுப்பாட்டுக்குள் போனது. (டிரமடால் நாய்க்குப் பெரிசாக உதவுவதில்லை என்பது வேறு விஷயம். மனிதனின் ஈரல் அதை மாற்றித் தருகிற வீரியமான பொருளை நாயின் உடல் மிகக் குறைவாகத்தான் உண்டாக்குகிறது. ஆனாலும் சீட்டில் எழுதிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.) போதைக்குப் பயந்து போட்ட வேலி, வலியில் இருப்பவனை வெளியே நிறுத்துகிறது. மனிதர்களுக்கே, புற்றுநோய் நோயாளிக்கே, மார்ஃபின் கிடைக்காமல் போன கதை இந்த நாட்டில் உண்டு. அதைச் சரிசெய்ய 2014-இல் சட்டத்தைத் திருத்தவேண்டி வந்தது. மிருகத்துக்கு யார் திருத்துவார்கள்?

ஆனால் லிக்னோகெய்னுக்கு இந்த வேலி எதுவும் இல்லை. பல் டாக்டர் நம் ஈறில் போடுகிறாரே, அதே மருந்து. எந்த மருந்துக்கடையிலும் இருக்கும். ஒரு குப்பியின் விலை நல்ல ஓட்டலில் ஒரு பிரியாணிக்குக் குறைவு, ஒரு குப்பியில் பல நாய்களுக்குத் தைக்கலாம். பூனைக்கும் சின்னப் பிராணிகளுக்கும் அளவு கூடினால் ஆபத்து என்பதால் எடை பார்த்துக் கணக்குப் போட்டுக் கொடுக்கவேண்டும், அவ்வளவுதான். மெலாக்சிகாம் ஊசிக்கும் எந்தப் பதிவேடும் தேவையில்லை. கருவாயனுக்கு வேண்டியிருந்தது இந்த இரண்டும்தான். இரண்டுமே, பின்னால் விசாரித்ததில், அன்று அந்த அறையின் அலமாரியில் இருந்திருக்கின்றன.

இரண்டாவது காரணம்தான் என்னை நிஜமாகக் கோபப்படுத்தியது. “வலி இருந்தாத்தான் தம்பி அசையாம கெடக்கும். வலி போச்சுன்னா குதிச்சு தையலைப் பிரிச்சிடும்.” ஒருவர் இல்லை, நாலு பேர் சொன்னார்கள். வலியைக் கட்டுப்போடுகிற கயிறாகப் பயன்படுத்துகிறோம் என்று வெளிப்படையாக ஒப்புக்கொள்கிற வாக்கியம் இது. உங்கள் அம்மாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து, டாக்டர் வந்து, “வலி மருந்து கொடுக்கல, அப்பத்தான் எழுந்து சமைக்கப் போகமாட்டாங்க” என்றால் என்ன செய்வீர்கள்? நாய் குதிக்கக்கூடாது என்றால் சின்ன இடத்தில் கட்டிவைக்கலாம், கழுத்தில் கூம்பு மாட்டலாம். வலியில் இருக்கிற உடம்பு சாப்பிடாது, தூங்காது, புண் ஆறுவதும் தாமதமாகும். வலிக்கிற இடத்தை நக்கி நக்கித் தையலைப் பிரிப்பதும் அந்த வலியால்தான். கருவாயன் நாலாம் நாள் இரண்டு தையலைப் பிரித்துக்கொண்டான்.

மூன்றாவது, நேரம். ஒரு டாக்டர், வெளியே இருபது ஆடு, பத்து மாடு, போனில் கன்றுபோட முடியாமல் கிடக்கிற பசு. மரப்பு மருந்து போட்டால் சில நிமிஷம் காத்திருக்க வேண்டும். இதற்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. ஆள் போடாமல் டாக்டரை மட்டும் திட்டுவது நியாயமில்லை. ஆனாலும் ஒன்று. அந்தப் பதினான்கு நிமிஷத்தில் பாதி, நாயைப் பிடித்து அழுத்துவதில்தான் போனது.

இதையெல்லாம் கேட்டு, மிருகத்துக்கு வலிக்கும் என்பதே நம் மருத்துவத்துக்குத் தெரியாதோ என்று நினைத்துவிட வேண்டாம். நன்றாகத் தெரியும். அதற்குச் சாட்சி வேண்டுமானால் வானத்தைப் பாருங்கள், பாறுக் கழுகு இருக்கிறதா?

1990-களில் இந்தியாவில் மாடுகளுக்கு டைக்ளோஃபெனாக் என்கிற மலிவான வலி மருந்து தாராளமாகப் போடப்பட்டது. போட்டபின் செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் பழுதாகி விழுந்தன. வெண்முதுகுப் பாறு என்ற இனம் பதினைந்து வருடத்தில் 99 சதவீதத்துக்கு மேல் அழிந்தது. காரணம் 2004-இல் கண்டுபிடிக்கப்பட்டது, 2006-இல் கால்நடைக்கு டைக்ளோஃபெனாக் தடைசெய்யப்பட்டது. மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை மாட்டுக்குத் திருப்பிவிட்டதால், 2015-இல் குப்பியின் அளவையும் 3 மில்லியாகக் குறைத்தார்கள். 2023-இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் ஆகியவையும் போயின. தமிழ்நாட்டில் மிச்சமிருக்கும் பாறுகளைப் பார்க்க நீலகிரி அடிவாரத்து மோயாறு பக்கம்தான் போகவேண்டும்.

இந்தக் கதையைப் பொதுவாகச் சூழலியல் பாடமாகச் சொல்வார்கள். சரிதான். எனக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது. ஒரு பறவையினத்தையே துடைத்துப்போடும் அளவுக்கு வலி மருந்தை வாங்கி ஊசிபோட்ட ஒரு நாடு, மிருகத்துக்கு வலி தெரியாது என்று சொல்ல முடியாது. பால் கறக்கிற மாட்டுக்கு, ஏர் இழுக்கிற மாட்டுக்கு வலிக்கும் என்று தெரிந்திருந்தது. வலித்தால் பால் குறையும், வேலை நிற்கும். வலிக்கு ஒரு விலை இருக்கும்போது அதற்கு மருந்தும் இருந்தது. தெருவில் கிடந்த நாய்க்கு, பத்து ரூபாய் பெறாத பூனைக்கு, கூண்டு முயலுக்கு மட்டும் ‘தாங்கிக்கும்’. கழுகுக்குக் கெடுதல் செய்யாதது என்று சோதித்து முன்வைக்கப்பட்ட மாற்று மருந்துதான் மேலே சொன்ன மெலாக்சிகாம். ஆக நல்ல மருந்தைத் தேடவேண்டிய பாடுகூட நமக்கு மிச்சமில்லை. வேறு ஒரு சாவு அதை ஏற்கெனவே தேடிக்கொடுத்திருக்கிறது.

எங்கள் ஊரில் இன்னும் ‘மாட்டாஸ்பத்திரி’ என்றுதான் பெயர். நாயைத் தூக்கிக்கொண்டு போனாலும் மாட்டாஸ்பத்திரிக்குத்தான் போகிறோம். சட்டமும் அந்தத் தொழுவத்திலிருந்தே எழுதப்பட்டது. 1960-ஆம் வருடத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம் ‘தேவையற்ற வலி’ கொடுப்பதைக் குற்றம் என்கிறது. அதே சட்டம், கொம்பு தீய்ப்பது, காயடிப்பது, சூடு போடுவது, மூக்கணாங்கயிறு குத்துவது எல்லாம் விதிக்கப்பட்ட முறையில் செய்தால் வதை ஆகாது என்றும் ஒரு பட்டியல் போட்டிருக்கிறது. அந்த முறையில் மயக்க மருந்தும் மரப்பு மருந்தும் வேண்டும், பதிவுபெற்ற மருத்துவர்தான் செய்யவேண்டும் என்று விதிகள் வந்தது 2023-இல். இடையில் அறுபத்து மூன்று வருடம்.

நடுவில் 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் நாகராஜா வழக்கில் தீர்ப்புச் சொன்னது. நமக்கெல்லாம் அது ஜல்லிக்கட்டைத் தடைசெய்த தீர்ப்பாக மட்டும்தான் ஞாபகம். பசி, பயம், வலி, நோய் இவற்றிலிருந்து விடுதலை உட்பட விலங்குகளுக்கான ஐந்து சுதந்திரங்களை அந்தத் தீர்ப்பு ஏற்றுப் பேசியது. 2017 ஜனவரியில் நானும் மெரினாவில் நின்றவன்தான். அந்த ஒரு வாரம் தமிழ்நாடு முழுக்க காளைக்கு வலிக்கிறதா இல்லையா என்று வாதாடினோம். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும். வாலை முறுக்கினால் வலிக்குமா, மிளகாய்ப்பொடி தூவுகிறார்களா, எங்கள் பிள்ளை மாதிரி வளர்க்கிறோம், நீங்கள் மாட்டுக்கறி சாப்பிடவில்லையா. அவ்வளவு சத்தத்தில், அதே காளை காலில் ஆணி ஏறி மருத்துவ மேசைக்குப் போனால் அதற்கு மரப்பு ஊசி போடுவார்களா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வலி அங்கே நமக்கு ஒரு வாதப்பொருளாக இருந்தது.

நாய் பரவாயில்லை, முனகவாவது செய்யும். முயலை என்ன செய்வது?

எதிர்வீட்டு ஏழாம் வகுப்புப் பெண் வெள்ளை முயல் ஒன்று வளர்த்தாள். ஒருநாள் காலையில் வந்து, “அண்ணா, நேத்துலேர்ந்து கேரட்கூட தொடல, மூலையிலேயே உக்காந்திருக்கு” என்றாள். டாக்டர் சளி என்றார், ஆன்டிபயாடிக் கொடுத்தார். இரண்டாம் நாள் இரவு செத்துப்போனது. ஒரு சத்தம் போடவில்லை. அதற்கு என்ன என்று எனக்குத் தெரியாது, ஒருவேளை பல் வளர்ந்து கன்னத்தைக் குத்தியிருக்கலாம், ஒருவேளை உண்மையிலேயே சளியாக இருக்கலாம். பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது இது. முயல் இரையாகிற பிராணி. வலியைக் காட்டினால் நரி முதலில் அதைத்தான் பிடிக்கும் என்பதால், மறைப்பதுதான் அதன் பிறவிக் குணம். வலி வந்தால் சாப்பிடுவதை நிறுத்தும். சாப்பிடாவிட்டால் அதன் குடல் நின்றுபோகும். குடல் நின்றால் வலி கூடும், இன்னும் சாப்பிடாது. முயலுக்கு வலி மருந்து என்பது சௌகரியத்துக்காக அல்ல, உயிருக்காக. மூலையில் உட்கார்ந்திருப்பதே அதன் அலறல். என் வேலையில் இதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். அலர்ட் வரவில்லை, சர்வர் நன்றாக இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்குவோம், காலையில் பார்த்தால் அலர்ட் அனுப்புகிற புரோகிராமே நள்ளிரவில் செத்திருக்கும்.

கிளிகளின் நிலைமை இன்னும் மோசம். பச்சைக்கிளி வளர்ப்பது 1972-ஆம் வருடத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நட்சத்திர ஆமையும் அப்படியே. அந்தச் சட்டம் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதையும் மீறி எத்தனை வீட்டில் கூண்டு தொங்குகிறது என்று நமக்குத் தெரியும். அந்தக் கிளிக்குக் கால் ஒடிந்தால் கிளிக்காரர் டாக்டரிடம் போகமாட்டார். போனால் தான் மாட்டிக்கொள்வோம் என்ற பயம். மஞ்சள் பத்து போட்டு, தீக்குச்சி வைத்துக் கட்டி, மீண்டும் கூண்டு.

சட்டத்துக்கு உட்பட்ட காக்கட்டீல், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மீன் கடையில் விற்கிற சிவப்புக்காது ஆமை இவற்றைத் தைரியமாகத் தூக்கிக்கொண்டு போனாலும் கதை பெரிதாக மாறாது. நாய்க்குக் கொடுப்பதை எடையால் வகுத்துக் கொடுப்பார்கள். உடம்பு அப்படி வகுத்தல் கணக்கில் வேலை செய்வதில்லை. கிளி வகைகளில் பியூட்டார்ஃபனால் என்ற மருந்து நன்றாக வலியைக் குறைக்கிறது. அதே மருந்தைச் சிவப்புக்காது ஆமைக்குக் கொடுத்துப் பார்த்தபோது பயனில்லை, மார்ஃபின்தான் வேலை செய்தது என்று 2007-இல் ஆய்வு வந்துவிட்டது. கெஸ்ட்ரல் என்கிற சின்ன வல்லூறும் கிளியும் இரண்டுமே பறவைதான், ஆனால் ஒன்றுக்குக் கேட்கிற மருந்து இன்னொன்றுக்குக் கேட்பதில்லை. சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி மாதிரி இடத்தில் இதெல்லாம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். விருத்தாசலத்திலிருந்து அது 200 கிலோமீட்டருக்கு மேல். கால் ஒடிந்த கிளி அவ்வளவு தூரம் பஸ்ஸில் போகாது. அந்நியப் பிராணிகளை விற்கும் கடை மட்டும் ஒவ்வொரு தாலுகாவுக்கும் வந்துவிட்டது, அவற்றின் வலி தெரிந்த மருத்துவம் வரவில்லை.

டாக்டர்களை மட்டும் திட்டிவிட்டு நாம் தப்பிக்கவும் முடியாது. தைக்கக் கூட்டிப்போகிற நாம் என்ன கேட்கிறோம்? எவ்வளவு ஆகும் சார், குளிப்பாட்டலாமா சார், முட்டை கொடுக்கலாமா சார். மரப்பு ஊசி போடுங்கள், தனியாகப் பணம் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் எந்த டாக்டரும் மறுக்கமாட்டார். வீட்டுக்கு என்ன வலி மருந்து, எத்தனை நாள் என்று கேட்டால் எழுதித்தான் ஆகவேண்டும். நான் அன்று ஒருமுறை கேட்டேன், பாதி வாக்கியத்தில் நிறுத்திக்கொண்டேன். டாக்டரிடம் எதிர்த்துப் பேசக்கூடாது என்று வளர்க்கப்பட்ட கூச்சம். அந்தக் கூச்சத்துக்குக் கருவாயன் ஒன்பது தையல் கொடுத்தான்.

கேட்காத நாம் இன்னொன்றும் செய்கிறோம். இரக்கப்பட்டு வீட்டிலிருக்கிற மாத்திரையை எடுத்துக் கொடுக்கிறோம். இதை எழுத்தைக் கூட்டிப் படியுங்கள்: பூனைக்குப் பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. அதை உடைத்து வெளியேற்றும் நொதி பூனையின் ஈரலில் போதிய அளவு கிடையாது. அரை மாத்திரையே கொல்லலாம். ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கும், ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும். நாய்க்கு இபுப்ரோஃபென் வேண்டாம், வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். மருத்துவமனை வலியைக் கவனிக்காதபோது வீட்டுக்காரர் அலமாரியைத் திறக்கிறார். அந்தச் சாவுகளை யாரும் கணக்கெடுப்பதில்லை.

போன வருடம் கருவாயனுக்கு முன்னங்காலில் ஒரு கட்டி. இந்தமுறை வண்டி பிடித்துப் புதுச்சேரி போனோம். அங்கே ஒரு இளம் டாக்டர், எனக்கும் சின்னவர், முதலில் கழுத்துத் தோலில் ஒரு ஊசி போட்டார், இருபது நிமிஷம் வெளியே உட்காரச் சொன்னார். பிறகு நாடா கட்டினார், ஆமாம், அவரும் கட்டினார். கட்டியைச் சுற்றி லிக்னோகெய்ன் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “ஏன் சார் வெயிட் பண்றீங்க?” என்றார் அப்பா. “மருந்து வேலை செய்யணும்ல அய்யா.” அறுத்தபோது கருவாயன் என் முழங்கையை மோந்துகொண்டிருந்தான். பிடிக்க ஒரு ஆள் போதுமாக இருந்தது.

கிளம்பும்போது அந்த டாக்டர் ஒரு தாள் கொடுத்தார். எங்கள் வீட்டில் பூனையும் இருக்கிறது என்று பேச்சுவாக்கில் சொல்லியிருந்தோம். மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 2019-இல் வெளியிட்ட பூனை முகக் கணக்கு அது. ஐந்து இடம் பார்க்கவேண்டும்: காது, கண், மூஞ்சி, மீசை, தலை நிற்கும் உயரம். ஒவ்வொன்றுக்கும் பூஜ்ஜியம், ஒன்று, இரண்டு. மொத்தம் பத்தில் நாலோ அதற்கு மேலோ வந்தால் வலி மருந்து வேண்டும்.

அப்பா முப்பது வருடம் பீங்கான் பட்டறையில் சூளை பார்த்தவர். ஆயிரம் டிகிரிக்கு மேல் எரிகிற சூளையைத் திறந்து பார்க்க முடியாது. சரக்கோடு சேர்த்துக் கோன் என்ற சின்னக் களிமண் முக்கோணங்களை உள்ளே வைப்பார்கள். பார்க்கும் துளை வழியே கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பார், எது வளைந்திருக்கிறது, எவ்வளவு வளைந்திருக்கிறது, நெருப்பின் நிறம் ஆரஞ்சா மஞ்சளா வெள்ளையா. அதை வைத்து உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார். சூளை வாயில்லாதது, பாவம் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. தப்பாகப் பார்த்தால் அத்தனை சரக்கும் கழிவு மேட்டுக்குப் போகும், அதனால் பார்க்கக் கற்றுக்கொண்டார்.

அந்தத் தாளை அவர்தான் பிரிட்ஜ் கதவில் ஒட்டினார். போன வாரம் நான் மீட்டிங்கில் இருந்தபோது கதவைத் தட்டினார். மூக்குக் கண்ணாடி நெற்றியில், கையில் தாள், சோபாவுக்கு அடியில் பூனை.

“காது ரெண்டு பக்கமும் படுத்திருக்கு, அதுக்கு ரெண்டு. கண்ணு பாதிதான் தொறக்குது, ஒண்ணு போடலாம். தலை தோளுக்குக் கீழ இருக்கு, ரெண்டு. மீசை எனக்குச் சரியாத் தெரியல, நீ வந்து பாரு. எப்படியும் அஞ்சுக்குக் கொறையாது.”

மீட்டிங்கை விட்டு எழுந்துபோய் டார்ச் அடித்துப் பார்த்தேன். மீசை நேராக விறைத்திருந்தது. ஒன்று போட்டேன். அப்பா அதற்குள் துணிக்கூடையைக் காலிசெய்து, அடியில் ஒரு பழைய வேட்டியை விரித்துக்கொண்டிருந்தார்.